பிரிக்கும் நோயும் பிரியாத உறவும்

தமிழில் 'நாம்' என்றொரு சொல் உண்டு. 'நாங்கள்' என்றொரு சொல்லும் உண்டு. கேட்பவரையும் தம்மோடு சேர்த்துக்கொண்டு பேசுபவர் 'நாம்' என்பார். கேட்பவரை விலக்கிப் பேசுபவர் 'நாங்கள்' என்பார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்த வேறுபாடு இல்லை; இரண்டிற்கும் ஒரே சொல்தான். ஆனால் பசிபிக் பெருங்கடலின் நடுவே, நமக்கு எந்த மொழித் தொடர்பும் இல்லாத ஹவாய்த் தீவுகளின் தாய்மொழியில் இதே வேறுபாடு இருக்கிறது. கேட்பவரைச் சேர்த்தால் 'காக்கௌ', விலக்கினால் 'மாக்கௌ'.

இது வெறும் இலக்கணச் செய்தியன்று. யாரை நம்மோடு சேர்த்துக்கொள்கிறோம், யாரை வெளியே நிறுத்துகிறோம் என்ற கேள்விக்கு ஒரு குடும்பம் சொல்லும் விடையே அக்குடும்பத்தின் தன்மையைக் காட்டுகிறது. ஒரு நாட்டுக்கும், ஏன், திருச்சபைக்குமே இது பொருந்தும். உறவையே உயிராகக் கொண்டு வாழ்ந்த ஹவாய்த் தீவு மக்களை ஒரு நோயும், அந்நோயின் பெயரால் வந்த ஒரு சட்டமும் நூறாண்டுக் காலம் பிரித்து வைத்தன. அந்தப் பிரிவை அம்மக்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும், அவர்களிடையே வாழ்ந்து மறைந்த புனித தமியான் அவர்களிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டார் என்பதையும் இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

கிழங்கும் குடும்பமும்

ஹவாய் மொழியில் குடும்பத்திற்கு 'ஓஹானா' என்று பெயர். நாம் சேப்பங்கிழங்கு என்று சமைத்து உண்கிறோமே, அக்கிழங்கே அத்தீவு மக்களின் தலையாய உணவு. தாய்க்கிழங்கின் பக்கத்தில் முளைத்து வளரும் இளங்கிழங்கை அவர்கள் 'ஓஹா' என்பர். அச்சொல்லிலிருந்தே குடும்பத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. 'வாழையடி வாழை' என்று நாம் சொல்லும்போது மனத்தில் எழும் கருத்துதான் அவர்களுக்குச் சேப்பங்கிழங்கில் கிடைத்தது. எத்தனை கிளைத்தாலும் வேர் ஒன்றுதான்.

அவர்களது பழங்கதை ஒன்று இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. ஆதித் தாய்தந்தையருக்குப் பிறந்த முதற்குழந்தை உயிரற்றுப் பிறந்ததாம். அதனை மண்ணில் புதைத்த இடத்தில் சேம்பு முளைத்தது. அடுத்துப் பிறந்த குழந்தை அண்ணனின் பெயரையே தாங்கி 'ஹாலோவா' எனப்பட்டது. அக்குழந்தையின் வழித்தோன்றல்களே மக்கள் அனைவரும். ஆகவே அவர்கள் நாள்தோறும் உண்ணும் கிழங்கு அவர்களுக்கு மூத்த உடன்பிறப்பு. தம்பியைக் காப்பது அண்ணன் கடமை. அண்ணனைப் பேணுவது தம்பியின் கடமை. நிலத்துக்கும் மக்களுக்கும் இடையே இப்படி ஓர் உறவுமுறை இருந்தது.

அக்கிழங்கை வேகவைத்து இடித்துப் பிசைந்து 'போயி' என்னும் கூழ் போன்ற உணவைச் செய்வர். நடுவில் ஒரே மரக்கலத்தை வைத்து, சுற்றி அமர்ந்து, அனைவரும் விரலால் எடுத்து உண்பர். கலம் திறந்திருக்கும் வரை கடுஞ்சொல் பேசலாகாது என்பது மரபு. மூத்தவன் பந்தியில் இருக்கும்போது சண்டை எதற்கு என்ற எண்ணம்தான் காரணம். ஒரே கலத்தில் உண்ண மறுப்பவர் அவர்கள் கண்ணில் உறவையே மறுப்பவர் ஆவார். இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

உறவுப் பெயர்களிலும் நமக்கு வியப்பு காத்திருக்கிறது. அண்ணன், தம்பி என்று மூத்தவரையும் இளையவரையும் நாம் தனித்தனிச் சொல்லால் அழைப்பது போலவே அவர்களும் அழைத்தனர். தாயின் உடன்பிறந்தாளைப் 'பெரியம்மா' என்றும் 'சின்னம்மா' என்றும் சொல்லி அவரையும் ஓர் அம்மாவாகவே நாம் கொள்கிறோம். அவர்களோ நாம் அத்தை என்றும் மாமன் என்றும் பிரித்து வைத்த உறவுகளையும் தாய், தந்தை என்ற சொற்களிலேயே அடக்கினர். ஒரு குழந்தைக்குப் பல தாயர், பல தந்தையர். அக்குழந்தை அனாதையாவது அரிது.

இதனோடு 'ஹானாய்' என்ற வழக்கமும் இருந்தது. ஊட்டி வளர்த்தல் என்பது இச்சொல்லின் பொருள். பெற்றவர்கள் தம் குழந்தையை உற்றாருக்கோ நெருங்கிய நண்பருக்கோ மனமுவந்து வளர்க்கக் கொடுப்பர். தலைமகன் தந்தையின் பெற்றோரிடமும் தலைமகள் தாயின் பெற்றோரிடமும் வளர்வது பழைய முறை. பெற்றவர் யார் என்பதை மறைப்பதில்லை. இரு வீட்டாரும் உறவினராகின்றனர். ஹவாயின் கடைசி அரசியாகிய லிலியுவோகலானி 1838-இல் பிறந்தபோது, அவரும் இவ்வாறே பாக்கி, கோனியா என்னும் தம்பதியரிடம் கொடுக்கப்பட்டு, அவர்தம் மகளுக்குத் தங்கையாக வளர்ந்தார்.

வந்தது சட்டம்

1778-இல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக் இத்தீவுகளை அடைந்தார். அதுவரை வெளியுலகத் தொடர்பின்றி வாழ்ந்த மக்களுக்கு வெளியுலக நோய்களைத் தாங்கும் ஆற்றல் இல்லை. பால்வினை நோய்கள், தட்டம்மை, கக்குவான் இருமல், 1853-இல் பெரியம்மை என ஒன்றன்பின் ஒன்றாக வந்து ஊர் ஊராக மக்களை வாரிச் சென்றன. இலட்சக்கணக்கில் வாழ்ந்த இனம் நூறாண்டுக்குள் சுருங்கியது. 1872-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் வெளிநாட்டினரையும் சேர்த்தே தீவுகளின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 57,000 மட்டுமே.

இத்தகைய அச்சச் சூழலில்தான் தொழுநோய் பரவத் தொடங்கியது. மருந்து இல்லை, காரணமும் தெரியாது. தொழுநோய்க் கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டதே 1873-இல்தான். மனிதரில் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு என்பதும், இந்நோய் எளிதில் தொற்றுவதன்று என்பதும் பின்னாளில் தெளிவான உண்மைகள். அன்று அரசினர் அறிந்த வழி ஒன்றே: நோயுற்றவரைப் பிரித்து வை. 1865 சனவரி 3-ஆம் நாள் மன்னர் ஐந்தாம் கமேஹமேஹா தொழுநோய்ப் பரவல் தடுப்புச் சட்டத்தில் கையொப்பமிட்டார்.

இச்சட்டத்தின்படி நோய் இருப்பதாக ஐயுறப்பட்டவரைக் காவலர் பிடித்துச் சென்று ஆய்வுக்கு உட்படுத்தலாம். நோய் உறுதியானால் வாழ்நாள் முழுவதும் ஒதுக்கி வைக்கலாம். ஒரு குற்றமும் செய்யாதவர் குற்றவாளியைப் போலக் கொண்டு செல்லப்பட்டார். ஒதுக்குமிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது மொலொக்காய்த் தீவின் வடகரையிலுள்ள கலாவுபாப்பா நிலமுனை. அதன் மூன்று பக்கமும் கொந்தளிக்கும் கடல். நான்காம் பக்கம் 500 மீட்டருக்கும் மேலாகச் செங்குத்தாக எழும் மலைச்சுவர். சிறை கட்டத் தேவையே இருக்கவில்லை. 1866 சனவரி 6-ஆம் நாள் ஒன்பது ஆண்களும் மூன்று பெண்களுமாகப் பன்னிருவர் அங்கு முதன்முதலாக இறக்கப்பட்டனர். நம் நாள்காட்டியில் அது திருக்காட்சிப் பெருவிழா நாள்.

நோயாளிகள் தாமே உழுது பயிரிட்டு உண்பர் என்று அரசு கணக்கிட்டது. நடக்கவும் இயலாதோர் எப்படி உழுவர்? தொடக்க ஆண்டுகளில் உணவும் உறையுளும் போதாமல் பலர் மாண்டனர். ஆனால் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அந்நிலமுனை மக்களற்ற பாழிடமன்று. பல நூற்றாண்டுகளாக அங்கே ஹவாய்க் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. வந்து இறங்கியவர்களுக்கு முதலில் கைகொடுத்தவர்கள் அக்குடியினரே. நோயைக் கண்டு அவர்கள் ஓடவில்லை. ஆனால் அவர்களும் 1895-க்குள் தம் முன்னோர் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்டனர்.

தொழுநோய்க்கு அத்தீவு மக்கள் இட்ட பெயர்களுள் ஒன்று 'மாயி ஹோகாவலே' என்பது. 'பிரிக்கும் நோய்' என்று அதற்குப் பொருள். உடலை அரிக்கும் நோய் என்றோ, அழகைக் கெடுக்கும் நோய் என்றோ அவர்கள் பெயரிடவில்லை. மனைவியைக் கணவனிடமிருந்தும், பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிரிப்பதையே அதன் முதற்கொடுமையாகக் கண்டனர்.

உடன் சென்றவர்கள்

சட்டம் பிரிக்க முனைந்தது. உறவு பிரிய மறுத்தது. நோயாளியோடு நலமுள்ள கணவனோ மனைவியோ பெற்றோரோ தாமும் கலாவுபாப்பாவுக்குச் செல்ல முன்வந்தனர். இவர்களுக்குக் 'கோக்குவா' என்று பெயர். உதவுபவர் என்பது அதன் பொருள். அரசின் இசைவு பெற்றுச் சென்றோரும் உண்டு. இசைவு இன்றியே சென்று சேர்ந்தோரும் உண்டு. சமைப்பது, புண்ணைக் கழுவுவது, இறந்தால் அடக்கம் செய்வது எல்லாம் இவர்கள் பணி. இவர்களுக்கு ஊதியம் இல்லை; பெயரும் பெரும்பாலும் பதிவாகவில்லை.

பதிவான பெயர்களுள் ஒன்று யோனத்தானா நாப்பேலா. மாவுயித் தீவில் நீதிபதியாக விளங்கிய இவர் மார்மன் சபையைச் சார்ந்தவர். அச்சபையின் மறைநூலை ஹவாய் மொழியில் பெயர்க்கத் துணைநின்றவர். மனைவி கிட்டிக்குத் தொழுநோய் கண்டபோது, 1873-இல் தாமும் அவரோடு மொலொக்காய்க்குச் சென்றார். அங்கே அவரையும் நோய் பற்றியது. 1879-இல் அவ்விடத்திலேயே இறந்தார். அதே 1873-இல் அங்கு வந்து சேர்ந்த தமியான் அடிகளாரும் இவரும் சபை வேறுபாட்டைக் கடந்து நட்புடன் பழகினர்.

நீ போகும் இடத்துக்கு நானும் வருவேன் என்று மாமி நகோமியைப் பின்தொடர்ந்த மோவாபியப் பெண் ரூத்தை நாம் விவிலியத்தில் போற்றுகிறோம். கலாவுபாப்பாவின் படகுத்துறையில் இறங்கிய கோக்குவாக்கள் ஒவ்வொருவரும் ஒரு ரூத் அல்லரோ?

'நாம்' என்று சொன்ன குரு

பெல்ஜியம் நாட்டில் திரெமலோ என்னும் சிற்றூரில் 1840 சனவரி 3-ஆம் நாள் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் யோசேப்பு தெ வூஸ்டர். இயேசு மரியா திரு இருதயங்களின் சபையில் சேர்ந்து தமியான் என்று பெயர் கொண்டார். அவர் ஹவாய்க்கு வந்ததே ஓர் உடன்பிறப்பின் பொருட்டுத்தான். அதே சபையில் குருவாக இருந்த அண்ணன் பம்பிலுஸ் அங்கு செல்லவேண்டியவர். நோயுற்றுக் கிடந்ததால் அவரால் பயணப்பட முடியவில்லை. இன்னும் குருப்பட்டம் பெறாத தம்பி, அண்ணனின் இடத்தில் தம்மை அனுப்பும்படி சபைத் தலைவருக்கு எழுதினார். 1864 மார்ச்சு 19-ஆம் நாள், புனித சூசையப்பர் திருநாளன்று ஹொனலுலுவில் இறங்கினார். அவ்வாண்டு மே மாதம் அங்குள்ள பேராலயத்தில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தொழுநோய்ச் சட்டம் கையொப்பமான நாளில் அவருக்கு இருபத்தைந்து வயது நிறைந்தது; பெரிய தீவான ஹவாயில் பங்குப் பணி செய்துகொண்டிருந்தார். தாம் அன்பு செய்த குடும்பங்களிலிருந்து ஒருவர் பின் ஒருவராகக் கொண்டு செல்லப்படுவதை ஒன்பது ஆண்டுகள் கண்ணெதிரே கண்டார்.

1873 மே மாதம் ஆயர் மெக்ரே தம் குருக்களிடம் மொலொக்காய் நோயாளரின் நிலையை எடுத்துரைத்தார். முறைவைத்துச் சென்று பணிபுரிய நால்வர் முன்வந்தனர். முதல் முறை தமியானுடையது. மே 10-ஆம் நாள் ஆயருடன் அங்கு இறங்கியவர் பின்னர் திரும்பவில்லை; அடுத்த முறை என்பதே வரவில்லை.

அவர் வருவதற்கு முன் அங்கே ஒழுக்கமும் வழிபாடும் அறவே இல்லை என்பது போலச் சில வரலாறுகள் எழுதப்பட்டுள்ளன. இது முழு உண்மையன்று. சட்டமும் உணவும் இன்றிக் கைவிடப்பட்டவர்களிடையே குடியும் சண்டையும் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் அதே இடத்தில்தான் கோக்குவாக்களும் இருந்தனர். வழிபட்டுப் பாடிய சபைகளும் இருந்தன. அவர் திருப்பலி நிறைவேற்றிய புனித பிலோமினா சிற்றாலயம் கூட, அவர் வருவதற்கு முந்திய ஆண்டே வேறோர் அருட்சகோதரரால் எழுப்பப்பட்டதுதான். தமியான் இருளில் தனியொரு விளக்காக வரவில்லை. எரிந்துகொண்டிருந்த சிறு விளக்குகளுக்கு எண்ணெய் வார்க்க வந்தார் என்பதே பொருத்தம்.

தங்குவதற்கு வீடு இல்லை. கோவிலருகே நின்ற தாழை மரத்தடியில் முதல் நாள்களைக் கழித்தார். நோயாளரைத் தொடவேண்டாம், அவர்களோடு உண்ணவேண்டாம் என்ற அறிவுரைகள் அவருக்குக் கூறப்பட்டிருந்தன. ஆனால் ஹவாய்க் குடும்பங்களில் ஒன்பது ஆண்டு வாழ்ந்தவர் அவர். ஒரே கலத்து உணவை மறுப்பது எத்தகைய புண்ணை உண்டாக்கும் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே அவர்களோடு அமர்ந்து அவர்கள் கலத்திலேயே போயி உண்டார். தம் புகைக்குழாயையும் அவர்களோடு பகிர்ந்துகொண்டார். புண்களைக் கட்டினார். நூற்றுக்கணக்கான சவப்பெட்டிகளைத் தம் கையாலேயே செய்தார். மலையோடையிலிருந்து குழாய் அமைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். பெற்றோரை இழந்த சிறுவர் சிறுமியருக்குத் தம் குடிலருகிலேயே இல்லங்கள் அமைத்தார். துறவியான அவர் அத்தீவின் மரபுப்படி ஊட்டி வளர்க்கும் தந்தையானார்.

வந்த ஆண்டின் இறுதியில் அண்ணனுக்கு எழுதிய மடலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். மறையுரையில் 'சகோதரரே' என்று விளிக்காமல், 'தொழுநோயாளராகிய நாம்' என்றே பேசுவதாக எழுதுகிறார். அப்போது அவருக்கு நோய் இல்லை. நோய்க்குறி தோன்றப் பதினோர் ஆண்டுகள் இருந்தன. மடலை அவர் ஐரோப்பிய மொழியில் எழுதினார். மறையுரையையோ ஹவாய் மொழியில் ஆற்றினார். அம்மொழியில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல் இத்தொடரைச் சொல்லவே இயலாது என்பதை மேலே கண்டோம். எதிரே அமர்ந்திருந்தவர்களையும் தம்மையும் ஒருசேரக் குறிக்கும் 'காக்கௌ' என்ற சொல்தான் இங்குப் பொருந்தும். விரலற்ற கைகளோடும் உருமாறிய முகங்களோடும் கேட்டிருந்த அம்மக்கள் அச்சொல்லை எப்படிக் கேட்டிருப்பர் என்பதை, 'நாம்' என்றும் 'நாங்கள்' என்றும் பிரித்தறியும் நாம் நன்றாகவே உணரலாம்.

1884-இன் இறுதியில் கொதிநீர் காலில் பட்டும் வலி தெரியாதபோது, சொல்லால் ஏற்றது உடலிலும் நேர்ந்துவிட்டதை அறிந்தார். 1889 ஏப்ரல் 15-ஆம் நாள், தம் நாற்பத்தொன்பதாம் வயதில் இறந்தார். வந்த நாளில் தமக்கு நிழல் தந்த அதே தாழையடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

மலைக்குள் மறைந்த மூவர்

புனிதரின் வரலாற்றோடு மற்றொரு குடும்பத்தின் வரலாற்றையும் சேர்த்தே படிக்கவேண்டும். கவாயித் தீவில் கோஓலாவு என்பவர் மாடு மேய்க்கும் குதிரைவீரராக இருந்தார். மனைவி பீலானி, ஒரே மகன் கலெயிமானு. கோஓலாவுக்கும் பின்னர் மகனுக்கும் நோய் கண்டது. மனைவியும் உடன்வரலாம் என்றால் மொலொக்காய் செல்ல அவர் இணங்கினார். ஆனால் அந்நாளில் கோக்குவாக்களுக்கான இசைவு இறுகிவிட்டது. அவருக்கு அது மறுக்கப்பட்டது. மூவரும் கலலாவு என்னும் மலைப்பள்ளத்தாக்கினுள் சென்று மறைந்தனர்.

அது 1893. அவ்வாண்டு சனவரியில்தான் அயல்நாட்டு வணிகக் கூட்டத்தார் அரசி லிலியுவோகலானியை அரியணையிலிருந்து இறக்கித் தற்காலிக அரசு ஒன்றை அமைத்திருந்தனர். பிடிக்கச் சென்ற காவல் அதிகாரி ஒருவர் கோஓலாவுவின் துப்பாக்கிக்கு இரையானார். ஒரு நோயாளியையும் அவர் குடும்பத்தையும் பிடிக்கப் படையும் பீரங்கியும் அனுப்பப்பட்டன. படைவீரர் சிலர் மாண்டனர், குடும்பம் அகப்படவில்லை. மகன் மலையிலேயே இறந்தான். பின்னர் கணவரும் இறந்தார். பீலானி தம் கையாலேயே இருவருக்கும் குழிதோண்டி அடக்கம் செய்துவிட்டுத் தன்னந்தனியாக மலையிறங்கினார். அவர் சொல்லக் கேட்டு எழுதப்பட்ட நூல் 1906-இல் ஹவாய் மொழியில் வெளிவந்தது. மூவர் சென்ற வழியில் ஒருவராகத் திரும்பிய அப்பெண்ணுக்கு நோய் இறுதிவரை தொற்றவில்லை.

சிந்திய குருதியை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர் கேட்டது விடுதலையைக்கூட அன்று. மனைவியின் துணையை மட்டுமே. அதைக் கொடுத்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பர் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

குழந்தைகள்

நோயாளருக்குப் பணிபுரிய வருமாறு ஹவாய் அரசு ஐம்பதுக்கும் மேற்பட்ட துறவற சபைகளை வேண்டியது. இசைந்தது ஒன்றே. அமெரிக்காவின் சிரக்கியூஸ் நகர்ப் பிரான்சிஸ்கு சபைத் தலைவி அன்னை மரியான் கோப், ஆறு சகோதரியருடன் 1883 நவம்பரில் ஹொனலுலு வந்தார். 1885-இல் அரசி கப்பியோலானியின் பெயரால் ஓர் இல்லம் அங்கே திறக்கப்பட்டது. நோயாளரின் நலமுள்ள பெண் குழந்தைகளை அச்சகோதரியர் அதில் வளர்த்தனர். 1888-இல் மரியான் அன்னை கலாவுபாப்பாவுக்கே சென்று, 1918-இல் இறக்கும் வரை முப்பது ஆண்டுகள் அங்கே பெண்களுக்கும் சிறுமியருக்கும் தாயாக வாழ்ந்தார். மரக்கன்று நட்டார், சிறுமியருக்கு நல்லாடை தைத்துக் கொடுத்தார். ஒதுக்கப்பட்டவருக்கும் அழகு வேண்டும் என்பது அவர் கொள்கை.

இத்தகைய இல்லங்கள் தேவைப்பட்டதே ஒரு துயரம். இருபதாம் நூற்றாண்டில் கலாவுபாப்பாவில் பிறந்த குழந்தைகள் பிறந்தவுடனேயே தாயிடமிருந்து எடுத்துச் செல்லப்பட்டனர். குழந்தைகள் காப்பகத்தில் கண்ணாடிக்கு அப்பாலிருந்து பார்க்க மட்டுமே பெற்றோருக்கு இசைவு. பின்னர் அக்குழந்தைகள் வெளியே உறவினரிடமோ இல்லங்களிலோ பிறரிடமோ ஒப்படைக்கப்பட்டனர். குழந்தையைக் கொடுத்து வளர்ப்பது அம்மக்களுக்குப் புதிதன்று என்று யாரேனும் சொல்லக்கூடும். அங்கேதான் வேறுபாடு இருக்கிறது. 'ஹானாய்' முறையில் தாய் தானே கொடுத்தாள், உறவு பெருகியது. இங்கோ குழந்தை பறிக்கப்பட்டது, உறவு அறுந்தது. தம்மைப் பெற்றவர் யாரென்று அறியாமலே முதுமையடைந்தோர் உண்டு.

மருந்து வந்த பிறகு

1946-இல் சல்போன் மருந்துகள் கலாவுபாப்பாவை அடைந்தன. நோய் கட்டுக்குள் வந்தது. எனினும் ஒதுக்கி வைக்கும் சட்டம் நீங்கியது 1969-இல்தான். மருந்து வந்தபின்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் சட்டம் நின்றது. நூற்று மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு அனுப்பப்பட்டிருந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் ஹவாய் இனத்தவர். பெரும்பான்மையோரின் அடக்கவிடத்தைக் காட்ட இன்று ஒரு கல்லும் இல்லை. வாயில் திறந்தபின்னும் பலர் வெளியேறவில்லை. அறுந்த உறவுகளைத் தேடிச் செல்வதைவிட, அறுபட்டவர்கள் ஒன்றுகூடி அமைத்த புதிய ஓஹானாவே அவர்களுக்கு வீடாகிவிட்டது. 1980-இல் அவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஹவாய் மொழியில் தாய்நாட்டைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றில் 'எலும்பு' என்ற சொல் அடங்கியுள்ளது. முன்னோரின் எலும்பு உறங்கும் மண்ணே தாய்மண். ஆகவே 1936-இல் தமியானின் உடல் பெல்ஜியத்துக்கு எடுத்துச் செல்லப்பட்டபோது, தம் குடும்பத்து மூத்தவரை இழந்தது போல அம்மக்கள் கலங்கினர். 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கிய பின்னர், அவரது வலக்கை மட்டும் மொலொக்காய்க்குத் திரும்பி வந்து பழைய கல்லறையில் வைக்கப்பட்டது. புண்களைக் கட்டிய கை. பெட்டிகளைச் செய்த கை. ஒரே கலத்தில் உண்ட கை. 2009-இல் தமியானும் 2012-இல் மரியானும் புனிதர்களாக உயர்த்தப்பட்டனர்.

நம் நாட்டில்

தமியானின் நாட்டினர் அவரை நினைத்து ஆற்றிய பணிகளுள் ஒன்று நம் தமிழகத்தில் நடந்தது. 1955-இல் பெல்ஜிய மருத்துவர் பிரான்சு ஹெமெரிக்ஸ், செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள போளம்பாக்கத்தில் தொழுநோய் மையம் ஒன்றைத் தொடங்கினார். அவருடன் பணியாற்றிய மருத்துவர் கிளேர் வெல்லூட் அம்மையார் பின்னர் இந்தியக் குடியுரிமையே பெற்றுக்கொண்டார். அவர்கள் மதில் எழுப்பி நோயாளரை உள்ளே வைக்கவில்லை. குறித்த நாளில் ஊர்ப்புறத்து மரத்தடிக்கு மருத்துவர்கள் வருவர். நோயாளர்கள் வீட்டிலிருந்து நடந்து வந்து மருந்து பெற்று, வீட்டுக்கே திரும்புவர். கணவன் மனைவியோடும், தாய் பிள்ளையோடும் இருந்தபடியே நலம்பெறலாம் என்பதை அந்த மரத்தடிகள் மெய்ப்பித்தன. தாழையடியில் படுத்த புனிதரின் பணி, நம் ஊர் மரநிழலில் தொடர்ந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் நம் சட்டங்கள் மரத்தடி மருத்துவர்களைவிட மெல்லவே நடந்தன. தொழுநோயாளரைப் பிடித்து அடைத்து வைக்க வழிசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் முற்றிலும் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குரிய காரணமாகக் கொண்ட பிரிவுகள் பல சமயத்தாரின் திருமணச் சட்டங்களிலும் இருந்தன. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டமும் அதற்கு விலக்கன்று. நாடாளுமன்றம் இப்பிரிவுகளை அகற்றியது 2019-இல். இன்பத்திலும் துன்பத்திலும், உடல்நலத்திலும் நோயிலும் என்று பீடத்தின்முன் வாக்களிக்கும் நமக்கு இது சிந்தனைக்குரியது.

சட்டம் மாறிவிட்டது. மருந்தும் இலவசமாகக் கிடைக்கிறது. மாறவேண்டியது எது என்பதை நாம் அறிவோம். நலம்பெற்ற பின்னும் ஊருக்குள் திரும்ப இயலாதவர்கள், உடன்பிறந்தோரின் திருமணத்திற்கு இடையூறாகிவிடுவோமோ என்று அஞ்சித் தம்மைத் தாமே ஒளித்துக்கொள்பவர்கள் நம் பங்குகளிலும் இல்லாமலில்லை. கோவிலில் அவர்கள் கடைசி வரிசையில் அமர்ந்து, திருப்பலி முடியுமுன் எழுந்து செல்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது நம் வாயில் எந்தச் சொல் வருகிறது? 'அவர்களுக்காக நாங்கள் செபிக்கிறோம்' என்று சொல்வது எளிது, நல்லதும்கூட. ஆனால் ஆண்டவர் நோயாளரைத் தொட்டார். அவர் வழிநின்ற தமியான் அவர்களோடு உண்டார். அவர்களுக்கும் முன்பே, பெயர் தெரியாத எத்தனையோ ஹவாய்த் தாய்மார்களும் கணவன்மார்களும் படகேறி உடன் சென்றார்கள். வரும் ஞாயிறு அந்தக் கடைசி வரிசையில் அவர்கள் அருகே சென்று அமர்ந்தால், அதற்குப் பிறகு நம் வாயில் 'நாங்கள்' என்ற சொல் எளிதில் வராது.